கல் வழியே வராத நீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு சின்னச் சண்டை. பயப்படாதீர்கள். எண்ணெய் தேடிப் பூமிக்கடியிலிருந்து எடுத்த கல்துண்டை ரப்பர் உறைக்குள் இறுக்கி, ஒரு முனையில் நீரை அழுத்தி, மறுமுனைக்கு எவ்வளவு வருகிறது என்று அளப்பதுதானே என் வேலை. அன்று நீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். நீரை இவ்வளவு தாராளமாக விடும் பாறை எண்ணெயையும் விடும் அல்லவா.

“சார், இது கல்லு வழியா வரல. உறைக்கும் கல்லுக்கும் நடுவுல கசியுது,” என்றேன்.

“உனக்கு எதுக்கும்மா வம்பு? வந்த கணக்க அப்படியே அனுப்பிடு.”

“அனுப்ப மாட்டேன் சார்.”

கழற்றிக் காட்டினேன். உறையில் நீளமாக ஒரு கிழிசல். வேறு உறை மாட்டி அளந்தபோது நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அந்தக் கணக்கைத்தான் அனுப்பினேன். எதிர்த்துப் பேசியதற்காக இப்போது என்னைக் கல் கழுவப் போட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டால் அளக்கும் இயந்திரம் திரும்பக் கிடைக்குமாம். கேட்கப்போவதில்லை. “அனுசரிச்சுப் போம்மா” என்று எழுத நினைப்பீர்கள். இந்த ஒரு தடவை எழுதாதீர்கள்.

கையுறை போட்டும் விரல்கள் வெடிக்கின்றன. யாராவது இந்தப் பக்கம் வந்தால் களிம்பு கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். நீங்களும் அம்மாவும் வழக்கம்போல் சண்டை போடுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் ஆய்வக வண்டி ஹாரன் அடிக்கிறது. கிளம்புகிறேன்.

உங்கள் மகள்