ஆயிரம் எழுதிய பக்கம்

அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னால் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தும் கெஞ்சுகிறேன், அவ்வளவு பயமாக இருக்கிறது.

உன் கல்லூரி நோட்டு என் மடியில் இருக்கிறது. திறந்ததும் வெடிமருந்து வாடை. ‘ஆயிரம்’ என்று தலைப்பிட்ட பக்கத்தின் ஓரத்தில் உன் பெருவிரல் ரேகை வெள்ளியாய் ஒட்டியிருக்கிறது.

லீவில் பட்டாசு ஆலைக்கு வெடிச்சரம் பின்னப் போனாய். அங்கேயும் நோட்டை விடவில்லை. வடமொழியில் சஹஸ்ர, பிராகிருதத்தில் சஹஸ்ஸ, மகதப் பேச்சில் ஷஹஷ்ஷ, கன்னடத்தில் சாவிர. நம்மிடம் வந்தபோது முன்னால் நின்ற எழுத்து உதிர்ந்து ஆயிரம் ஆனது என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே, உன்னோடு வேலை பார்த்தவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எட்டுப் பெயர்கள். நாலு பேர் மட்டுமே இருக்கலாம் என்று சுவரில் எழுதிய அறையில்!

அன்று நான் சோற்றுத் தூக்குடன் வாசலில் நின்றேன். வீட்டில் கன்னடம் பேசும் சுலோச்சனாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

“எக்கா, ஆயிரத்துக்கு உங்க வீட்டுல என்ன சொல்வீக?”

“சாவிரா. ஏன், சொன்னா என் பங்கு ஆயிரம்வாலாவ நீ பின்னித் தரப் போறியாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுதிவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாய். “இத வீட்டுக்குக் கொண்டு போயிரு புள்ள, இங்கன மருந்து படுது.”

பஸ் நிறுத்தம் வருவதற்குள் உங்கள் அறை வெடித்த சத்தம் கேட்டது.

இன்று சாயங்காலம் போர்மேன் வந்தார். “ஆயிரத்துல ஒண்ணு இப்படி ஆகிப்போகும் தாயி. உங்கக்கா வேலைக்கு வந்தவ இல்ல, சோறு குடுக்க வந்தவ. நாளைக்குச் சூலக்கரை ஆபீசு விசாரணையில கேட்டா அம்புட்டுத்தான் சொல்லணும், என்ன?” அப்பா தலையாட்டினார். “பேரெல்லாம் எழுதுன நோட்டு ஒண்ணு இருக்காமே? தேடி வைங்க. ராத்திரி ஆள் அனுப்புறேன்.”

ஆயிரத்தில் ஒன்றாம். எனக்கு இருந்ததே நீ ஒருத்திதானே! சோறு கொண்டுவந்தவள் நான். அந்தப் பொய்க்கு என் தூக்குவாளியையா எடுத்துக்கொண்டார்கள்? அப்பா ஏன் தலையாட்டினார்?

நாளை விசாரணையில் உள்ளதைச் சொல்வேன். நோட்டைப் பிடுங்கினாலும் போகட்டும், எட்டுப் பேரையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பேச்சியம்மா, ஆயரம். சுலோச்சனா, சாவிரா. உன் பெயரை மட்டும் நீ எழுதவில்லை அக்கா. ஒன்பதாவதாக நானே எழுதுகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார். உன் பெயர்