சூரியனுக்கு முன்னால் ஊதிய நிலையச் சங்கு

அனுப்புநர்:
இன்ஷிராஹ் ஷலபி,
(காலஞ்சென்ற பக்ரி ஷலபியின் மனைவி),
நிலையத்துக்கு எதிர்ப்புறப் பயணியர் விடுதி,
கோம் அல்-மில்ஹ், அலெக்சாந்திரியா.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
கோம் அல்-மில்ஹ் ரயில் நிலையப் புதுப்பிப்புப் பணி.

பொருள்: ரமலான் மாதத்தில் தங்கள் சங்கு முன்கூட்டியே ஊதியதால் என் மகள் ரிஹாபின் திருமணப் பேச்சு நின்றுபோனமை – பரிகாரம் கோருதல்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

நிலையத்தைப் புதுப்பிப்பதற்கு நான் எதிரி அல்ல என்பதை முதலில் பதிவுசெய்கிறேன். கண்ணாடிக் கூரை வரட்டும், நகரும் படிக்கட்டும் வரட்டும். என் விடுதிக்கும் நாலு பேர் கூடுதலாக வருவார்கள். அந்த நம்பிக்கையில்தான், நோன்பு நாட்களிலும் தங்கள் புழுதியை மட்டும் தின்றபடி பொறுத்திருந்தோம்.

மன்னர் காலத்தில், நோன்பு திறக்கும் நேரத்தை முழங்கி அறிவித்த கோட்டைப் பீரங்கி பிளந்துபோன ஆண்டு முதல், எங்கள் பேட்டை நோன்பு திறப்பது நிலையத்து எஞ்சினின் ஊதலைக் கேட்டுத்தான். ரயில் இரைச்சலில் பள்ளிவாசல் பாங்கு காதில் விழாது. இதைத் தொடங்கிவைத்த நிலைய அதிபர் கிர்கிஸ் அவர்கள் கிறிஸ்தவர்; ஒரு நாளும் நேரம் பிசகியதில்லை. தாங்கள் வாயிலில் நிறுவியுள்ள வரலாற்றுப் பலகையில் மன்னரின் பெயர் இருக்கிறது, பளிங்கு வந்த ஊரின் பெயரும் இருக்கிறது. இதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பழைய எஞ்சினை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபோது, புதிய மின்சாரச் சங்கு அந்த வேலையைப் பார்க்கும் என்று பேட்டையே நம்பியது.

ரமலானின் கடைசி வியாழனன்று, தமன்ஹூர் மாவு வியாபாரி ஹாஜி நவ்வார் தம் மகன் வஜ்திக்குப் பெண் கேட்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். விவரம் தெரிந்த நாள் முதல் ஒரு நோன்பையும் விடாதவர். அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லாமலும் விடாதவர். வாத்து பொரித்து வைத்திருந்தேன். சங்கு ஊதியது. கையில் கடிகாரம் இல்லாதவர் யாருமில்லை, ஆனால் பசித்தவன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஹாஜி ஆப்ரிகாட் சாற்றை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். என் மகள்தான் ஜன்னலைப் பார்த்து, "அம்மா, வெயில் இன்னும் எதிர்ச் சுவத்துல இருக்கே!" என்றாள்.

ஐயா, அந்தக் கணத்தில் பேட்டை முழுவதும் வாயைத் திறந்தபடி நின்றது. விழுங்குவதா துப்புவதா என்று கேட்க, பாங்கு சொல்லும் மோதினாரிடம் ஓடினார்கள். அவர் வாயிலும் பேரீச்சம்பழம் இருந்ததால் பதில் கிடைக்கவில்லை.

"ரயிலை நம்பி நோன்பு தொறக்கிற வீடா இது? இங்க பொண்ணு எடுத்தா என் பேரப்புள்ளைங்க நாளைக்கு எதை நம்பும்?" என்று கேட்டுவிட்டு, ஹாஜி வாத்தைத் தொடாமலே போய்விட்டார்.

மறுநாள் தங்கள் பொறியாளர் தாமிரிடம் முறையிட்டேன். "ஏங்கம்மா, நான் சங்கைச் சோதிச்சுப் பாத்தேன். அது உங்க வயித்துல கேக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அத்துடன் சங்கை அடியோடு நிறுத்தியும்விட்டார்.

பெருநாள் கழிந்து வஜ்தி சமாதானத்துக்கு வந்தார். தங்கமான பையன். தகப்பனார் சொல்லியனுப்பிய நிபந்தனை இதுதான்: "வர்ற திங்கக்கிழமை அந்த நாளுக்கு ஈடா நான் களா நோன்பு பிடிக்கப் போறேன். ஊதினவனும் என்னோட பட்டினி கிடக்கட்டும். அப்புறம் பொண்ணைப் பத்திப் பேசலாம்." பொறியாளரோ, "வேலை நேரத்துல டீ இல்லாம ஆகாதும்மா. மேலிடத்து உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்கிறார்.

நோன்பை உத்தரவு போட்டு வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் நோன்பை முறிப்பதற்கு யாரும் உத்தரவு கேட்கவில்லையே! ஆகவே பொறியாளரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவரால் டீயை விட முடியாதெனில், சங்கு தங்கள் பொறுப்பில் உள்ளதால், தாங்களே வந்தாலும் ஹாஜிக்குச் சம்மதம் என்று கேட்டுவைத்திருக்கிறேன்.

என் மகள் வேறு வரனே வேண்டாம் என்கிறாள். "ரயில்வேகாரங்க ஒரு நாள் பட்டினி கிடக்க மாட்டாங்கன்னா, நான் காலம் பூரா தனியாக் கிடக்கணுமாம்மா?" என்று நேற்றுக் கேட்டாள். இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால், தயவுசெய்து அதை எழுதி அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு நேரில் வாருங்கள்.

இடம்: கோம் அல்-மில்ஹ்
நாள்: ஷவ்வால் பிறை 9

நியாயத்தையும் தங்கள் வருகையையும் எதிர்நோக்கும்,
(ஒப்பம்) இன்ஷிராஹ் ஷலபி