வக்கீல் திரும்பிப் பார்க்கிறான்

ஜூன் 9, திங்கள்

மாவு என்ற எலி செத்து ஒரு வாரம் ஆகிறது. கூண்டில் இப்போது வக்கீல் மட்டும். கருப்பு உடம்பு, கழுத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை. வாங்கி வந்த அன்றே மகள் வைத்த பெயர். எலி கூட்டமாக வாழ்கிற பிராணி, ஒற்றையாக விட்டால் மனசு ஒடிந்துபோகும் என்று எலி வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் எழுதுகிறார்கள். இதை அவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வேலை ஓடவில்லை. அலுவலகத்து சர்வர்கள் அதுபாட்டுக்கு ஓடுகின்றன. அவை ஓடுவதை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சம்பளம். மேஜைமேல் பாதி பிரித்த பழைய கணினி, ஈயம் பற்றவைக்காத ரேடியோப் பலகை. அலமாரியில் தேய்த்து முடிக்காத தொலைநோக்கிக் கண்ணாடி. "எதையாவது ஒண்ணை முடிச்சிருக்கியா நீ?" என்று கேட்டவள் போய் இரண்டு வருஷம். கல்யாணத்தை முடித்திருக்கிறேனே என்று அன்றே சொல்லியிருக்கலாம். நல்ல பதிலெல்லாம் எனக்கு ஆள் போன பிறகுதான் வரும்.

ஜூன் 11, புதன்

வக்கீல் மூச்சு விட்டால் கீச்சென்று சத்தம் வருகிறது. மூக்கோரம் சிவப்பு. ரத்தமில்லை, எலியின் கண்ணீரே அந்த நிறம்தான். உடம்பு சரியில்லாதபோது வழியும்.

பழைய சாப்பாட்டு டப்பாவில் ஓட்டை போட்டு, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலி மாறினார். டாக்டரம்மா நல்ல மாதிரி. "எலியைத் தூக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். நெஞ்சில் குழாயை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. "நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கு. வயசும் ஆயிடுச்சு. மருந்து எழுதறேன், பெரிசா எதிர்பாக்காதீங்க."

மருந்துக்கடையில், எலிக்கு மருந்து வேண்டும் என்று ஆரம்பித்தேன். சீட்டை நீட்டுவதற்குள் கடைக்காரர் விஷப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டார். "ஒரே வேளைதான் சார். ஆள் காலி" என்றார் பெருமையாக. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

எழுதியே வைக்கிறேன். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவது எலிகளைப் பார்க்க. என்னிடம் பேசுவதெல்லாம் எலிகளைப் பற்றி. வக்கீலும் போய்விட்டால் அவள் எதற்கு இந்த வீட்டுப் படி ஏறப்போகிறாள்?

ஜூன் 12, வியாழன்

மருந்தை வாழைப்பழத்தில் ஒளித்துக் கொடுத்தேன். பழத்தைத் தின்றுவிட்டு மருந்தை ஒதுக்கிவிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

மகள் வரவில்லை. சிநேகிதி வீட்டில் ஏதோ பள்ளிக்கூட வேலையாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததே அசிங்கமாக இருக்கிறது.

கூண்டுக்கு மேலே கேமரா மாட்டி, அவள் போனில் பார்க்கிற மாதிரி செய்து கொடுத்தவன் நான்தான். அங்கிருந்து அவள் பேசினால் இங்கே சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "வக்கீல் சார்!" என்று ஒரு கூப்பாடு. தூங்குகிறவன் தலையைத் தூக்கி, மீசையை ஆட்டி, சத்தம் வந்த பக்கம் பார்ப்பான். சோறு போடுகிற நான் கூப்பிட்டால் காது கேட்காது அவனுக்கு. இன்றும் அவள் குரலுக்குத் திரும்பினான். ரொம்ப மெதுவாக.

"ஏன்ப்பா இவ்ளோ சோம்பேறியா இருக்கான்?" என்று போனில் கேட்டாள்.

வெயில் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் போய்விட்டான். என் உள்ளங்கையில்தான். கடைசியாகப் பல்லைக் கரகரவென்று அரைத்தான். எலி சந்தோஷத்திலும் அப்படிச் செய்யும், வலியிலும் செய்யும். எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவே போவதில்லை.

கட்டடத்துக்குப் பின்னால் மரத்தடியில் புதைத்தேன். மேலே வந்து போனை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று கீழே வைத்தேன். பிறகு, வந்து களைப்பாக இருப்பாள் என்று வைத்தேன். அவள் கேமராவைப் பார்க்கிற நேரம் நெருங்கியதும் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

பழைய பதிவுகளெல்லாம் கணினியில் இருக்கின்றன. மாவு செத்த பிறகு எடுத்ததாக, வக்கீல் நன்றாக இருந்த ஒரு மதியமாகத் தேடி எடுத்தேன். துணி ஊஞ்சலில் தூங்குகிறான், விலா ஏறி இறங்குகிறது. நேரலைக்குப் பதில் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். இன்று ஒருநாள் மட்டும். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட என்னைவிடப் பரவாயில்லை.

ஜூன் 18, புதன்

"வக்கீல் சார்!"

காலிக் கூண்டுக்கு மேலிருந்து அவள் குரல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் போனில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். அப்புறம் குரலை இறக்கி, "போன வாரம் வரலன்னு கோவமா? இந்த ஞாயித்துக்கிழமை வரேன்டா. சத்தியமா. ஒரு தடவ பாரு" என்றாள்.

மூக்கை உறிஞ்சினாள் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கர் சின்னது, சரியாகத் தெரியவில்லை.

சொல்லித் தொலையேன்டா. வாய்ல என்ன பூட்டா போட்டிருக்கு? போனை எடு. எடுத்து, அவன் செத்துட்டான்மான்னு சொல்லு. மூணு வார்த்தை — இல்ல, ரெண்டு வார்த்தை —

சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. இனி ஸ்பீக்கரில் அவள் குரல் வந்ததும், வக்கீல் தலை தூக்கிப் பார்க்கிற துண்டுக் காட்சி ஓடும். முடிந்ததும் பழையபடி தூக்கத்தில் போய்ச் சேரும். ஒட்டு தெரியாமல் சேர்ப்பதற்குத்தான் நேற்றும் இன்றும் போனது. சாப்பாடு மறந்து, அலுவலக அழைப்பை மறந்து, விசிலடித்துக்கொண்டே செய்தேன். ஆமாம், விசிலடித்தேன். வெட்கங்கெட்டவன்.

சாயங்காலம் கூப்பிட்டாள். வக்கீல் பார்த்தான்.

"அப்பா, அவனுக்குக் கோவம் போயிடுச்சு!" போனில் சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. நானும் கூடச் சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். யாருக்குக் கேட்டுவிடும் என்று குழாயைத் திறந்தேனோ.

ஜூன் 22, ஞாயிறு

காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும், வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் வருவது நின்றுவிடக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். இப்போது அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவளை வராதே என்கிறேன்.

ஜூன் 25, புதன்

அவளே போன் செய்தாள். எடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள், ஒப்பிக்கிற மாதிரி.

"அப்பா, நேத்து நான் அவனைக் கூப்பிடவே இல்ல. சும்மா தும்முனேன். பாத்தான். இருமினேன், பாத்தான். இன்னிக்கு கணக்குப் புத்தகத்தைத் தொப்புன்னு கீழ போட்டேன். அதே மாதிரி தலையைத் தூக்கி, அதே மாதிரி மீசையை ஆட்டி, அதே மாதிரி படுத்துட்டான்."

நான் காலிக் கூண்டைப் பார்த்தேன்.

"உயிரோட இருக்கானா?"

"இல்லம்மா."

"எப்போ?"

"போன செவ்வாக்கிழமை."

"அப்போ நான் இத்தனை நாளா யார்கிட்டப்பா பேசிட்டு இருந்தேன்?"

வைத்துவிட்டாள்.

குரலையும் தும்மலையும் பிரித்துப் பார்க்கிற மாதிரி செய்ய எனக்குத் தோன்றவில்லை. சோதித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்திலும் ஒரு நொடி பெருமையாக இருந்தது. என்ன ஜென்மம் நான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். விரல்விட்டு எண்ணினேன், எட்டுதான்.

ஜூன் 26, வியாழன்

அவள் அம்மா பேசினாள். பிரிந்த பிறகுதான் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எலிக்காக அவ அழுதது ஒரு நாள். மிச்சம் எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை வரலைன்னு சொல்றா. நான் தடுக்கல, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அவளைக் கேளுங்க. என்னைக் கேட்டா?"

ஜூன் 29, ஞாயிறு

வரவில்லை.

ஜூலை 2, புதன்

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எழுந்து கூண்டைக் கழுவினேன். கேமராவைக் கழற்றினேன். பதிவுகளை அழிக்கப் போய், அழிக்காமல் வந்தேன்.

இணையக் குழுவிலிருந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார்: 'இரண்டு குட்டிகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்கிறீர்களா?' படம் வேறு. ஒன்றுக்குக் கழுத்தில் வெள்ளை. அதைப் பார்த்த மாத்திரத்தில் மனசு கணக்குப் போட்டது — படத்தை மகளுக்கு அனுப்பினால் இந்த ஞாயிறே ஓடி வந்துவிடுவாள். குட்டி என்று நினைக்கவில்லை நான், தூண்டில் புழு என்று நினைத்தேன். வேண்டாம் என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இனி அவளைக் கூப்பிட என்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. நான் இருக்கிறேன். அது போதாது என்றுதானே எல்லாம் செய்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. வெறுங்கையோடு. கீழே நின்று போன் செய்தேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வீட்டு உடையிலேயே, தலைகூட வாராமல் இறங்கி வந்தாள். தெருக்கோடி வரை நடந்தோம்.

"போகும்போது நீ கூட இருந்தியா?"

"என் கையிலதான் இருந்தான்."

"உடம்பு சரியில்லன்னு என்கிட்ட சொல்லவே இல்லியே நீ. சொல்லியிருந்தா நானும் இருந்திருப்பேன்ல?"

"பயந்துட்டேன்மா."

"எதுக்கு?"

"எலி இல்லன்னா நீ வரமாட்டேன்னு."

நின்று என்னைப் பார்த்தாள். "முதல்ல எலிக்காகத்தான் வந்தேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அப்புறம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தோம். என் கையைப் பிடிக்கவில்லை அவள்.

வாசலில், "அடுத்த வாரம் பரிட்சை. வராத" என்றாள். சரி என்றேன். படியேறினாள். பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "அதுக்கு அடுத்த வாரம் வா. இங்கயே வா. அங்க நான் வரல."

பஸ்ஸில் வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து, ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார்.