நகர இடமில்லாத தளபதி

கள்ளக்குறிச்சி
12.06.2025

1. இதை எழுதுபவர் வழக்கறிஞர் தமிழரசன். பெறுபவர் என் மகள் தேவிப்ரியா, தற்போது தைவான்வாசி.

2. என்னைக் கேளாமல் மணந்த நபருடன், படுக்கையிலுள்ள உன் அம்மாவைப் பார்க்க வர அனுமதி கேட்டிருக்கிறாய்.

3. சமாதானப் பரிசாக நீ அனுப்பிய சீனச் சதுரங்கப் பலகை கிடைத்தது. குதிரையும் பீரங்கியும் நகரும் விதத்தைக் கற்றுவருகிறேன். யானை நடுவிலுள்ள ஆற்றைத் தாண்டக் கூடாதாம். “இன்னாங்கய்யா, நம்ம கோமுகி ஆத்த ஆடே தாண்டுது, யானைக்கு முடியாதா?” என்றான் குமாஸ்தா மாயவன்.

4. நீயும் நானும் இதில் கற்றுக்குட்டிகளே. ஓர் ஆட்டம் ஆடுவோம்; நகர்வுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பு. பலகையுடன் வந்த விதிகளே செல்லும். அந்த நபர் உதவக் கூடாது. நீ வென்றாலும், ஆட்டம் சமனாக முடிந்தாலும், இருவரும் வரலாம். தோற்றால், அவர் மனைவியாக இருக்கும்வரை இவ்வீட்டுக்கு வரக் கூடாது.

தமிழரசன்

தைனான், தைவான்
03.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆட்டம் முடிந்ததும் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். சின்ன வயதில் தோற்கும் நிலை வந்தால் காய்களையெல்லாம் வெட்டக் கொடுத்துவிட்டு ராஜாவை நகர இடமில்லாமல் நிறுத்துவேனே. “திருட்டுக் கழுத, டிரா பண்ணிக்கினியா” என்று சிரிப்பீர்கள். இன்றும் அதைத்தான் செய்தேன். கடைசிச் சிப்பாயை வேண்டுமென்றே கொடுத்தேன். என் தளபதிக்கு, அதாவது இந்த ஆட்டத்தின் ராஜாவுக்கு, செக் இல்லை, நகரவும் இடமில்லை. டிரா!

காய் நகர்த்தும் விதத்தை மட்டும்தான் படித்தேன். மற்றதெல்லாம் நம்ம செஸ் மாதிரிதானே. சொன்னபடி லின்னிடம் பலகையைக் காட்டவே இல்லை. அவர், “அத்தே, நாங்க வூட்டுக்கு வந்துட்டம்” என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் சொல்லிக் காட்டுங்கள். விமானச் சீட்டு எடுத்துவிட்டோம்.

உங்கள்
தேவி

கள்ளக்குறிச்சி
14.08.2025

1. முன் கடிதத்தை எழுதிய அதே தமிழரசன்.

2. சீனச் சதுரங்கத்தில் நகர வழியற்றவர் தோற்றவர். செக் இருந்ததா என்பது அங்கே கேள்வியே அல்ல. விதித்தாளின் இறுதி வரியைப் படித்துக்கொள்.

3. நிபந்தனை விதிக்கும் முன்பே நான் அதைப் படித்திருந்தேன். ‘சமன்’ என்பதைச் சேர்த்ததும் நீ ஆடும் விதம் அறிந்தே. அந்தச் சிப்பாயைக் கொடுக்காதிருந்தால் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

4. பயணச்சீட்டை ரத்து செய்துவிடு.

5. அந்த நபர் பழகிய வாக்கியத்தை உன் அம்மாவிடம் சொன்னேன். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பென்று உறுதியாகக் கூற இயலாது. பிறகு வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6. இக்கடிதமும் அவளுக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. பேச்சு நின்றுவிட்டதை நீ அறிவாய்.

(ஒப்பம்)
தமிழரசன்

சாட்சிகள்:
1. மாயவன், குமாஸ்தா
2. கமலா, பெறுபவரின் தாயார். இடது கைப் பெருவிரல் ரேகை; விரலைப் பிடித்து வைத்தவர் தமிழரசன்.