கணவாயில் நான் தட்டிவிட்ட கல்

காரவள்ளி,
ஸ்ரீமுக வருஷம் ஆடி 21

கண்டிச் சீமைத் தோட்டத்தில் இருக்கும் சிரஞ்சீவி மருதாசலத்துக்கு அப்பன் குப்புசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் மாடு கன்றுகளும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது ஏன் என்று கீழே எழுதுகிறேன். நீ சுகமாய் இருக்கிற சேதி எனக்குப் பக்கத்துக் காட்டு அர்த்தனாரி வீட்டிலிருந்துதான் தெரிய வருகிறது. அவன் மகன் சின்னராசுக்கு நாலு பக்கம் எழுதுகிறாய், தோட்டத்துக்கு மேலே கணவாய் வரை ஏறினாயாம், மேகம் காலுக்குக் கீழே போயிற்றாம், எல்லாம் அவன் படித்துச் சொல்லிக் கேட்டேன். பெற்றவனுக்கு ஒரு தபால் கார்டு, அதிலும் பாதி வெறுமை. எனக்கு வயிறு எரிகிறது, உன்னிடம் மறைத்து என்ன.

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு மலையேறினோம். வருஷா வருஷம் என் மூட்டையை நீதான் தூக்குவாய். இந்த வருஷம் அர்த்தனாரி கைவீசி நடக்கிறான், உன்னோடு சீமைக்கு வந்து வைகாசியில் திரும்பிவிட்ட சின்னராசு அவன் மூட்டையைத் தூக்குகிறான். உங்களுதையும் குடுங்க மாமா என்று கேட்டான், நான் கொடுக்கவில்லை, வீம்பு. மூச்சு வாங்கக் கணவாய் மேட்டுக்கு ஏறியபோது மஞ்சு விலகி நைனாமலை தெரிந்தது, அதற்கப்பால் புதுத்தண்ணீர் ஓடும் காவேரி வெள்ளைக் கோடாய்த் தெரிந்தது, பார்க்கக்கூட மனமில்லை. அங்கே வேண்டுதலுக்குக் கல் அடுக்குவது உனக்குத் தெரியும், எத்தனை கல் நிற்கிறதோ அத்தனை பலம் என்பார்கள். நீ வரவேண்டும் என்று அடுக்கினேன், மூன்றாம் கல்லில் சரிந்தது, மறுபடியும் சரிந்தது. பக்கத்தில் சின்னராசு வைத்தது ஏழு கல், அசையவில்லை. பிள்ளை வந்தது போதாதென்று இன்னும் மச்சு வீடு கேட்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். அவர்கள் முன்னே நடந்ததும் கைத்தடியால் ஒரு தட்டு, ஏழும் பள்ளத்தில் உருண்டன. அந்தச் சத்தம் எனக்கு இனிப்பாய் இருந்தது கண்ணு.

கோயிலில் பொங்கச்சோறு தின்னும்போது அர்த்தனாரி சொல்கிறான், ஏனுங்க மச்சான், மருதாசலம் தைக்குள்ள ஊடு வந்து சேரோணும்னு சின்னராசு கல்லு வெச்சானுங்க, ஏழும் நின்னுருச்சு, கவலைய உடுங்க என்று. பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். திரும்பும்போது வெறும் இடத்தைப் பார்த்த சின்னராசு காத்துத் தட்டியிருக்கும் மாமா என்று எனக்கே ஆறுதல் சொல்லி மறுபடி அடுக்கக் குனிந்தான், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, இறங்கிவிட்டோம். நேற்று ஆடு தேடப் போவதாக உன் ஆத்தாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஏறினேன், முழங்கால் போனது அதில்தான். பொழுது சாயும்வரை குந்தி அடுக்கியும் நாலு கல்தான் நின்றது. ஐந்தாவதை வைத்தால் எல்லாம் சரிகிறது.

குளிரில் கம்பளி இல்லாமல் கணவாய் ஏறாதே, அட்டை கடித்தால் பிய்க்காதே, உப்பு வை. சின்னராசுக்கு எழுதும்போது இதைச் சொல்லிவிடாதே, நீ வந்தபின் நானே சொல்கிறேன். நோய் நொடி இல்லாமல் மகராசனாய் இரு. ஆனால் நாலு கல்லை நம்பி என்னால் உட்கார்ந்திருக்க முடியாது, தைக்குள் நீயே புறப்பட்டு வந்துவிடு சாமி.

இப்படிக்கு,
தட்டிவிட்ட அதே கையால் எழுதும்
உன் அப்பன் குப்புசாமி