மச்சாள் வீட்டுக்குப் போன மரக்கறி

செவ்வாய், 4 மார்ச்

என் அண்ணை பேதுரு வந்து போனார். மேலே ஏறவில்லை. ஆறாம் மாடி, லிப்ட் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். மேலே வந்தால் அவருடைய பெண்சாதி பேர்ளி மச்சாளைப் பற்றி நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்பதுதான் உண்மைக் காரணம். கீழே வாசலில் நின்று கடிதங்களை நீட்டினார். "எல்லாம் சுகம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரமுதலே ரயிலுக்கு ஓடிவிட்டார்.

பாரிசுக்கு வந்த நாளிலிருந்து என் கடிதங்கள் நகருக்கு வெளியே சார்செலில் இருக்கிற அண்ணை வீட்டுக்குத்தான் வருகின்றன. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் — படுக்கிறது ஓரிடம், கடிதம் வருகிறது வேறோரிடம். லாச்சப்பலில் நான் இருக்கும் இந்த அறையின் சொந்தக்காரர் தபால் பெட்டியில் என் பெயரை ஒட்ட விடமாட்டார். அண்ணை வீட்டுப் பெட்டியிலோ ஐந்து பெயர் ஒட்டியிருக்கும், தேர்தலில் நிற்கிறவர்கள் மாதிரி. என் பெயர் இன்னும் அதில் இருக்கிறதோ, மச்சாள் கிழித்துவிட்டாவோ, தெரியாது.

இன்றைய கடிதத்துக்குள் ஓர் அட்டை இருந்தது. சமூக உதவிக் கந்தோரில் இருக்கிற பிரெஞ்சு மடாம் எழுதிப்போட்டு எடுத்துத் தந்தது. நான் சமைத்த உணவகத்தை முதலாளி விற்ற பிறகு எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர்களுக்கு வரவேண்டிய காசும் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் அரசாங்கம் மாதாமாதம் சாப்பாட்டுச் சாமானுக்கென்று இந்த அட்டையில் போடும். சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் செல்லாதாம். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்கூட வாங்க முடியாது.

எத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவள் நான்! அட்டையை மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவவே பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழன், 6 மார்ச்

சோறும் பருப்பும். நேற்றுத் தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் ஒறுத்தலுக்காக நான் தனியாக ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை.

ஞாயிறு, 16 மார்ச்

பூசையில் சுவாமியார், பாஸ்காப் பெருநாளுக்கு முன் கோபதாபங்களை முடித்துக்கொள்ளச் சொன்னார். என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பேர்ளி மச்சாள் அவருக்குப் போன் எடுத்திருப்பாவோ?

நான் என்ன பிழை விட்டேன்? போன ஜூனில் அண்ணையின் மகள் டிலானிக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு. பெரிய மண்டபம், பலூன், மேளம் தவிர எல்லாம் இருந்தது. நான் ரோல்ஸ் போடுகிறவள் — கிழங்கும் மீனும் உள்ளே வைத்துச் சுற்றி, எண்ணெயில் பொரிக்கிறது. என் ரோல்ஸுக்காகச் செவ்ரானிலிருந்து ரயில் ஏறி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். மண்டபத்துக்குள் போனால் மேசை முழுக்கக் கடை ரோல்ஸ்! பெட்டி பெட்டியாக!

மச்சாளிடம் கேட்டேன். "நீ வேலை முடிஞ்சு களைச்சு வருவாய். அதுதான் உன்னைக் கரைச்சல்படுத்தேல்லை" என்றார்.

களைப்பாம். என்ரை மருமகளுக்கு ரோல்ஸ் போட எனக்குக் களைப்பாம்! கேக் வெட்டமுதலே வெளிக்கிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. மச்சாளோடு பேசாமல் இருக்கலாம், அது பரவாயில்லை. டிலானியைக் காணாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

திங்கள், 7 ஏப்ரல்

பருப்பும் முடிந்தது. மாதாவுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தேன்.

பாலச்சந்திரன் அண்ணையின் கடைக் கதவில், இந்த அட்டை இங்கே செல்லும் என்று ஒட்டியிருக்கிறது. போனேன். கீரை, பாவக்காய், ஒரு தேங்காய். காசு கொடுக்கும் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "மதலேன் அக்கா! இப்ப எங்கை வேலை?" உணவகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் ரோல்ஸ் வாங்க வந்துகொண்டிருந்த யசோதினி.

அவளுக்கு முன்னால் அட்டையை நீட்டுவதா? போன் அடிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, சாமானை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலுக்கு வந்து பார்த்தால் கையில் பாவக்காய்! திரும்பிப் போய் வைத்துவிட்டு ஓடினேன். "பிள்ளை, என்ன அவசரம்? பாவக்காயைக் கொண்டு போம், பிறகு பாப்பம்!" என்று பாலச்சந்திரன் அண்ணை ரோட்டுக்கே கேட்கக் கத்தினார்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

வியாழன், 10 ஏப்ரல்

வழி கண்டுபிடித்துவிட்டேன்!

உடுப்புத் தோய்க்கும் கடையில் மெசின் சுற்றும்வரை வேறு வேலை இல்லாமல் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். இணையத்திலும் செல்லுமாம். இவ்வளவு நாளும் மாதாவுக்குப் பின்னால் கிடந்தது! போனை எடுத்து, அதில் போட்டிருந்த இணையக் கடைக்குப் போய் அட்டை எண்ணைத் தட்டினேன். என் பெயர், பிறந்த திகதி, மற்ற விபரம் எல்லாம் தானாக வந்து நிரம்பிக்கொண்டன. நான் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. என்ன வசதி!

பிறகு போனிலேயே கடைக்குள் உலாவினேன். பின்னால் நின்று எங்கே வேலை என்று கேட்க ஒருவரும் இல்லை. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கத்தரிக்காய், முட்டை, பேணியில் அடைத்த மீன் போட்டேன். எனக்கு மட்டும்தானே என்று சின்னக் கிண்ணத்தில் ஒற்றைத் தயிரும் அரைப் பாண் ரொட்டியும் போட்டேன். ஸ்ட்ராபெரியைக் கூடையில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஒரு சின்ன ஆசைக்காகச் சவர்க்காரம் ஒன்றையும் அழுத்திப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் முடியாது என்று சொல்லிவிட்டது. சரி, சொல்லட்டும். பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஆபிரிக்கப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தா. நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனி காலை கொண்டுவருவார்கள். பாவம், ஆறு மாடி ஏறி வரவேண்டும். வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும்.

சனி, 12 ஏப்ரல்

மேசை துடைத்தாயிற்று. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாயிற்று. இன்னும் ஆளைக் காணவில்லை.

—

போனில் செய்தி வந்திருக்கிறது. உங்கள் பொருட்கள் கொடுக்கப்பட்டுவிட்டன. பெற்றுக்கொண்டவர்: பேர்ளி.

பேர்ளி?

ஐயோ மாதாவே! தானா நிரம்பினது பேர் மட்டுமில்லை, விலாசமும்! கடிதம் போற விலாசம்! நான் குனிஞ்சுகூடப் பாக்கேல்லை, பாட்டுப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறன். ஒரு மாதச் சாப்பாடு முழுக்க இப்ப சார்செலிலை, அதுவும் அந்த மனிசியின்ரை குசினியிலை! இனி என்ன செய்யிறது? கதவடியிலை போய் நிண்டு, "அது என்ரை கிழங்கு, தாங்கோ" எண்டு கேக்கிறதோ? செத்தாலும் கேக்க மாட்டன். கேக்காட்டி என்னத்தைச் சாப்பிடுறது?

தேத்தண்ணியை நானே குடித்தேன்.

அதே நாள், பின்னேரம்

மச்சாள் போன் எடுத்தார். போனில் அவருடைய பெயர். எடுக்காமல் விட்டால் கிழங்கு போய்விடும் என்று எடுத்தேன்.

"மதலேன், சாமான் வந்து சேந்திட்டுது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏனடி உனக்கு இந்த வேலை? வெறுங்கையோடை வரக்கூடாது எண்டு சாமானை முன்னுக்கு அனுப்பினனியோ? உன்ரை குணம் எனக்குத் தெரியாதே! நாளைக்குக் குருத்து ஞாயிறு. பூசை முடிஞ்சு நேரை இஞ்சை வா. நான் சமைச்சு வைக்கிறன்."

சமைச்சு வைக்கிறாவாம். எதை? என்ரை கத்தரிக்காயையோ?

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஓம் மச்சாள்" என்றுதான் வந்தது. எங்கிருந்து வந்தது அந்த ஓம்? போனை வைத்த பிறகு கண்ணாடியில் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பட்டினி கிடக்கப் போகிறவளின் முகம் மாதிரியே இல்லை.

ஞாயிறு, 13 ஏப்ரல்

கையில் குருத்தோலையோடு ரயிலேறினேன். வேறு என்ன கொண்டுபோவது? சாமான்தான் முன்னுக்கே போய்விட்டதே.

சார்செலில் அவர்கள் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் தபால் பெட்டியைப் பார்த்தேன். ஐந்து பெயரும் இருக்கின்றன. மற்ற நாலும் மங்கிப்போய், ஓரம் கிழிந்து கிடக்க, என்னுடையது மட்டும் புதுத் தாளில், டிலானியின் உருண்டை எழுத்தில். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். கீழ்மாடிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

டிலானி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். வளர்ந்துவிட்டாள். "மாமி" என்பது மட்டும் தமிழ், மற்றது எல்லாம் பிரெஞ்சில் மளமளவென்று கொட்டினாள். அண்ணை கதிரையிலிருந்து எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இருந்தார். மச்சாள் குசினியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"வந்திட்டியே? கை கழுவிப்போட்டு வா. ரோல்ஸ் வெடிக்குது."

ரோல்ஸ்! தானே போட்டுப் பார்த்திருக்கிறார். சட்டிக்குள் ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"சுத்தினது காணாது, மச்சாள். ஓரத்துக்கு மா பூசினனீங்களே?"

"எனக்கென்ன தெரியும்? போட்டவள் கோவிச்சுக்கொண்டு போனா நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் சுற்ற, நான் ஒட்ட, அண்ணை வெடித்த ரோல்ஸ் எல்லாவற்றையும் ஒரு சத்தமும் இல்லாமல் தின்று தீர்த்தார். ஜூன் மாதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். என் மாதச் சாப்பாட்டை என் கண்முன்னே எல்லாருமாக முடிக்கிறார்கள் என்று நினைத்தேன். முடியட்டும் என்றும் நினைத்தேன். இவ்வளவு சந்தோசமாக நான் சாப்பிட்டு எவ்வளவு காலம்!

வெளிக்கிடும்போது மச்சாள் இரண்டு பெரிய பைகளைத் தந்தார். "கறி கொஞ்சம் வைச்சிருக்கு. வீட்டை போய்த் திற" என்றார். அண்ணை ஆறு மாடியும் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு மேலே ஏறத் தெரியும் போல.

பையைத் திறந்தேன். மேலே கறிச்சட்டி. அதற்குக் கீழே என் உருளைக்கிழங்கு. என் லீக்ஸ். என் கத்தரிக்காய், முட்டை, பேணி மீன், ஒற்றைத் தயிர், அரைப் பாண். ஒன்றும் தொடப்படவில்லை. ஸ்ட்ராபெரி மட்டும் பாதி. அது டிலானியின் வேலையாக இருக்கும். அப்படியென்றால் மச்சாள் சமைத்தது எல்லாம் அவருடைய சாமான்.

அடியில் ஒரு கட்டுச் சவர்க்காரம். இது நான் வாங்காதது. வாங்க முடியாதது.

திங்கள், 14 ஏப்ரல்

பொறுக்க முடியாமல் காலையிலேயே போன் எடுத்தேன்.

"மச்சாள், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அடி விசரி, வீட்டுக்குச் சாமான் அனுப்புறவள் ஒத்தைத் தயிரும் அரைப் பாணும் அனுப்புவளே? பையைத் திறந்த உடனை விளங்கீட்டுது."

"சவர்க்காரம்?"

மச்சாள் குரலைத் தாழ்த்தினார். "முந்தி உன்ரை அண்ணைக்கு வேலை இல்லாமல் போன வருசம் எங்களுக்கும் இப்பிடித்தான் தந்தவை. அப்ப அட்டை இல்லை, துண்டு. சாப்பாடு இருக்கும், சவர்க்காரம் இராது. வெறுந் தண்ணியிலை பிள்ளையின்ரை உடுப்புத் தோய்ச்சிருக்கிறன். ஆருக்கும் சொல்லேல்லை. உனக்கும்தான்."

"பிறகேன் நேற்று ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டனீங்கள்?"

"தெரியும் எண்டு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியே?"

வந்திருக்க மாட்டேன். என்னை என்னை விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். இந்த மனிசியோடு இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது எவ்வளவு நட்டம்!

ஞாயிறு, 20 ஏப்ரல். பாஸ்கா

சார்செலில் ரோல்ஸ் போட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. அண்ணைக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

வெள்ளி, 9 மே

அட்டையில் இந்த மாதக் காசு வந்துவிட்டது. பாலச்சந்திரன் அண்ணை கடைக்கே போனேன். பாவக்காய் எடுத்தேன். பின்னால் யசோதினி நின்றாள். வேணுமென்றே ஒழுங்குபடுத்தினால்கூட இப்படி அமையாது. அட்டையை எடுத்து எல்லாருக்கும் தெரிய நீட்டினேன். "இந்த முறை பாவக்காய் வீட்டை போகுது போல!" என்றார் பாலச்சந்திரன் அண்ணை.

வெளியே வந்ததும் யசோதினி என் கையைப் பிடித்தாள். "அக்கா, இந்த அட்டை எடுக்கிறதுக்கு எங்கை போகவேணும்? என்ரை மனிசனுக்கு வேலை மணித்தியாலத்தைக் குறைச்சிட்டாங்கள்" என்றாள். கந்தோருக்கு நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன். விலாசத்தை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொன்னேன்.

செவ்வாய், 2 செப்டெம்பர்

பள்ளிக்கூடக் குசினியில் வேலை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் பட்டாணியைத் தொடுகிறார்களே இல்லை. பார்ப்போம், யார் வெல்கிறோம் என்று.

சனி, 4 ஒக்டோபர்

முதல் சம்பளம் வந்துவிட்டது. அரசாங்க அட்டைக்கு இனி எனக்கு உரிமை இல்லை. அதைத் தூக்கி எறிய மனம் வராமல் மாதாவுக்குப் பின்னால் திரும்ப வைத்தேன். நன்றி சொன்னேன் — மாதாவுக்கும், அந்தக் கந்தோர் மடாமுக்கும்.

பிறகு அதே இணையக் கடைக்குள் போனேன். முதலில் சவர்க்காரத்தை அழுத்தினேன். ஒரு மறுப்பும் இல்லாமல் கூடைக்குள் போய் விழுந்தது. பெரிய தயிர், முழுப் பாண், லீக்ஸ், முட்டை, டிலானிக்கு ஸ்ட்ராபெரி. என் சொந்த வங்கி அட்டை. எங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, சார்செல் விலாசத்தையும் நான் பிறகு சேர்த்த இந்த அறையின் விலாசத்தையும் காட்டியது. இந்த முறை குனிந்து, எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தேன்.

சார்செலை அழுத்தினேன். நாளைக்குக் காலையில் போய்ச் சேரும். நான் பூசை முடிந்து பின்னால் போவேன்.

பெற்றுக்கொள்பவர் யார் என்று கேட்டது. பேர்ளி என்று எழுதினேன்.