திருவிடந்தை மாலை

என்னங்க,

இட்லி மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. நீங்கள் டூர் போயிருந்த வாரத்தில் நடந்தவை: செவ்வாயன்று கேஸ் வந்தது. வியாழனன்று அத்தையின் முட்டிவலிக்கு டாக்டரிடம் காட்டினேன். ஞாயிறன்று மகாபலிபுரம் போனோம். அங்கே கடலில் கால் நனைக்கக்கூட விடாமல் அத்தை என்னைக் கல்யாண வரத்துக்குப் பேர்போன திருவிடந்தை கோயிலுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். உங்கள் பெயரில் கல்யாண மாலை வாங்கி என்னிடமே நீட்டினார்.

"என்னால நடக்க முடியலடி. நீயே போட்டுகினு சுத்திட்டு வா. வர்றவளாவது என் புள்ளைக்கு ஒரு கொயந்தய பெத்துக் குடுக்கட்டும்."

நான் வழக்கம்போல அவர் சொன்னபடியே போட்டுக்கொண்டு சுற்றினேன். முடித்ததும் பட்டர் சொன்னார்: "மாலை போட்டுண்டு சுத்தினவாளுக்குத்தாம்மா கல்யாணம் ஆகும்." அத்தை வீடு வரும்வரை என்னைத் திட்டினார். இரவு போனில் உங்களிடம் சொன்னேன். "அம்மா சொன்னாங்க, சுத்துன. அதுக்கு இப்ப இன்னா?" என்றீர்கள்.

இயற்பியல் படித்த எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மாலையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன். கல்யாணம் ஆனதும் புது மாப்பிள்ளையோடு போய் அதைக் கோயிலில் சேர்க்க வேண்டுமாம்.

ரோகிணி

அத்தையின் கண்ணாடி உடைந்துவிட்டது. இதை நீங்களே அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.